தொழிற்கல்விச் சட்டங்களைத் தேடுவோருக்கு: யுனெவோக் நாட்டுக் குறிப்புகள், ஒரு மதிப்பீடு

தொழிற்கல்விக்கென ஒரு நாடு எந்தச் சட்டத்தை இயற்றியிருக்கிறது, அதைச் செயல்படுத்தும் பொறுப்பு யாருடையது, செலவை யார் ஏற்கிறார்கள் என்று அறிய விரும்புபவர், அரசிதழ்களையும் அமைச்சக அறிக்கைகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் பான் நகரிலுள்ள யுனெவோக், அதாவது தொழிற்கல்விக்கான யுனெஸ்கோவின் பன்னாட்டு மையம், கட்டணமின்றி வழங்கும் நாட்டுக் குறிப்புகள் இந்த அலைச்சலைப் பெருமளவு குறைக்கின்றன. பயிற்சி நிலைய முதல்வர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் அதைப் படிக்கும் முறை முக்கியமானது.

எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும் குறிப்பு ஏறத்தாழ ஒரே வரிசையில் செல்கிறது. நோக்கமும் சட்டமும் தேசியக் கொள்கையும் முதலில் வருகின்றன; முறைசார்ந்த, முறைசாராப் பயிற்சி, நிர்வாகமும் நிதியும், ஆசிரியர்கள், தகுதிச் சான்றுகள், நடப்புச் சீர்திருத்தங்கள் ஆகியவை அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. சேவையின் பெரும் பலம் இந்த வரிசைதான். சட்டப் பகுதியோடு நிறுத்திக்கொள்பவர் ஒரு நாடு என்ன விரும்புகிறது என்பதை மட்டுமே அறிவார். நிதிப் பகுதியையும் சேர்த்துப் படிப்பவருக்குத்தான் அந்த விருப்பம் யாருடைய பணத்தில், யாருடைய உழைப்பில் நிறைவேறுகிறது என்பது புரியும்.

ஜெர்மனியையே பார்ப்போம். அங்கு 1969இல் இயற்றப்பட்டு 2005இல் முழுமையாகத் திருத்தியமைக்கப்பட்ட தொழிற்பயிற்சிச் சட்டத்தின்படி, நிறுவனத்துக்கும் பயிற்சி பெறுபவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் முக்கிய அம்சங்கள் எழுத்தில் பதிவாக வேண்டும். பயிற்சி பெறுபவருக்கு நிறுவனம் தரும் உதவித்தொகை ஆண்டுதோறும் உயர வேண்டும். 2020 முதல் குறைந்தபட்ச உதவித்தொகையும் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டில் பயிற்சியைத் தொடங்கியவர்களுக்கு முதலாண்டில் மாதம் 515 யூரோ என அது நிர்ணயிக்கப்பட்டது. ஒப்பந்தங்களைப் பதிவேட்டில் ஏற்றுவதையும் தேர்வுகளை நடத்துவதையும் பயிற்சியைக் கண்காணிப்பதையும் பெரும்பாலும் நிறுவனங்களை உறுப்பினர்களாகக் கொண்ட தொழில் வணிகச் சபைகளும் கைவினைஞர் சபைகளுமே கவனிக்கின்றன. இவ்வளவையும் படித்தவர், முழு ஏற்பாட்டையும் இந்த ஒரே சட்டம்தான் தாங்குகிறது என்று எண்ணக்கூடும். உண்மையில் அதே மாணவர் வாரத்தில் ஓரிரு நாள் செல்லும் தொழிற்பள்ளிக்கு இச்சட்டம் பொருந்தாது. பள்ளிக் கல்வி மாநிலங்களின் பொறுப்பு என்பதால், அந்த நாட்கள் மாநிலச் சட்டத்தின் கீழ் பொதுப்பணத்தில் நடக்கின்றன, பணியிட நாட்களின் செலவை நிறுவனம் ஏற்கிறது. இந்தச் சட்டத்தைப் பின்பற்ற நினைக்கும் எந்த நாடும், சபைகள் செய்யும் வேலையைத் தன்னிடம் யார் செய்வார்கள் என்ற கேள்விக்கு முதலில் பதில் தேடியாக வேண்டும்.

ஒப்பிட்டுப் படிக்கும்போது சேவையின் பயன் இன்னும் தெளிவாகிறது. ஜெர்மனியில் இத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தே தீர வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் நிறுவனங்களுக்கு இல்லை. இந்தியாவின் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டமோ கடமையை எண்ணிக்கையாகவே வரையறுக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிலிப்பைன்ஸ் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தொழிற்கல்விப் பொறுப்புகளை ஒரே முகமையின் கீழ் கொண்டுவந்தது. கென்யாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்குமுறைக்கும் பாடத்திட்டம் மற்றும் மதிப்பீட்டுக்கும் நிதிக்கும் தனித்தனி அமைப்புகளை ஏற்படுத்தியது. பயிற்சி தருபவரே சான்றும் வழங்கினால் சான்றின் மதிப்பு குறையும் என்ற கவலை எனக்கு உண்டு. ஆகவே பொறுப்புகளைப் பிரிக்கும் ஏற்பாட்டையே நான் விரும்புகிறேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். எல்லா நாடுகளின் குறிப்புகளும் ஒரே காலத்தில் எழுதப்பட்டவை அல்ல, சில பழையவை. 2020க்கு முன் எழுதப்பட்ட ஜெர்மனி குறிப்பில் குறைந்தபட்ச உதவித்தொகை இருக்க முடியாது. எனவே முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். பிறகு குறிப்பின் இறுதியில் தரப்படும் ஆவணப் பட்டியலின் உதவியோடு மூலச் சட்டத்துக்குச் சென்று, பின்னர் வந்த திருத்தங்களைச் சரிபார்க்க வேண்டும். உள்ளடக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பது பலருக்குத் தடையாகவே இருக்கும்.

விரிவு தேவைப்படும் பகுதி என்று நான் கருதுவது ஆசிரியர்களைப் பற்றியதுதான். தொழிற்கல்விப் பணியாளர்களின் தகுதிக்கும் தொடர் பயிற்சிக்கும் உரிய கொள்கைகள் வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு யுனெஸ்கோ பரிந்துரை வலியுறுத்துகிறது. பணிமனைப் பயிற்றுநராக ஒருவர் நியமிக்கப்பட எத்தனை ஆண்டு தொழில் அனுபவம் தேவை, நியமனத்துக்குப் பின் அவர் மீண்டும் தொழிற்சாலைக்குச் சென்று புதிய இயந்திரங்களைக் கற்றுக்கொள்ளச் சட்டம் வழிசெய்கிறதா, அந்த நாட்களுக்கு அவருக்குச் சம்பளம் உண்டா என்பவற்றை ஒவ்வொரு நாட்டுக் குறிப்பும் தெளிவாகத் தர வேண்டும்.