குலுக்கலா, வினாடி வினாவா, குறுக்கெழுத்தா? வாசிப்புக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் விளையாட்டுகள்

சிங்கப்பூரில் தமிழ் வாசிப்புக் குழு நடத்துபவர்களிடம் கொஞ்ச நேரம் பேசினால் போதும், புது முகங்களே வருவதில்லை என்ற கவலை வந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் உடனே, "ஏதாவது விளையாட்டு வைங்க, பரிசு கொடுங்க" என்பார். சரி, எந்த விளையாட்டு, என்ன பரிசு? அங்கேதான் கருத்து பிரியும். எங்கள் பேட்டை நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் குழுவில் மூன்று வகைகளை நடத்திப் பார்த்தோம். வாசலில் சீட்டுக் கொடுத்து முடிவில் குலுக்கிப் பரிசு தருவது ஒன்று. கைப்பேசியில் வினாடி வினா இன்னொன்று. மூன்றாவது, தாளில் அச்சடித்த குறுக்கெழுத்து. இப்போது குறுக்கெழுத்தில் நிலைத்துவிட்டோம். அதற்காக வாதாடியவர்களில் நானும் ஒருவன் என்பதால், இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

குலுக்கலின் கவர்ச்சியை விளக்கத் தேவையில்லை. திங்கள், வியாழன் மாலைகளில் லாட்டரிச் சீட்டு விற்கும் சிங்கப்பூர் பூல்ஸ் கடைகளுக்கு முன் நிற்கும் வரிசையே சொல்லும். அங்கே விற்கும் டோட்டோ லாட்டரியில் 49 எண்களில் 6 எண்களைச் சரியாகப் பிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சத்தில் ஒன்று. அதற்கே அவ்வளவு கூட்டம் என்றால், ஓர் அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்கு 10 வெள்ளி ஃபேர்பிரைஸ் பேரங்காடிப் பற்றுச்சீட்டு நிச்சயம் என்பது எவ்வளவு தாராளம்! சுவரொட்டியில் 'பரிசு உண்டு' என்று போட்ட மாதம் நாற்காலி பற்றாமல் போகும். ஏற்பாடு செய்வதும் சுலபம், ஒரு டப்பாவும் சீட்டுக் கட்டும் இருந்தால் ஆயிற்று.

இதில் இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். சீட்டு இலவசமாக இருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு சீட்டு விற்றுக் குலுக்கினால், 2022 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் எல்லைக்குள் போய்விடுவோம். நல்ல காரியத்துக்கு நிதி திரட்டத்தான் என்றாலும் முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. அப்புறம், சீட்டின் அடியில் பெயர், அடையாள அட்டை எண் என்று எழுதி வாங்கும் பழைய வழக்கம். சட்டம் கேட்டாலோ, ஆளை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்த வேண்டியிருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அந்த எண்ணைக் கேட்கக் கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் இங்கே விதி. 10 வெள்ளிப் பற்றுச்சீட்டுக்கு எதற்கு அடையாள அட்டை? வரிசை எண் அச்சிட்ட இரட்டைச் சீட்டு போதும், ஒரு பாதி அவர் கையில், மறுபாதி டப்பாவில்.

வினாடி வினாவுக்கு வருவோம். நாங்கள் பயன்படுத்தியது கஹூட் என்ற வினாடி வினாச் செயலி. பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்தது, விளக்கமே தேவையில்லை. இசை ஓடும், நேரம் குறைந்துகொண்டே வரும், திரையில் பெயர்கள் மேலும் கீழும் ஏறி இறங்கும். அறையில் சத்தம் போட வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. சிக்கல் எங்கே என்றால், அதில் விரைவாகச் சொல்பவருக்குத்தான் மதிப்பெண் அதிகம். எங்கள் குழுவில் தமிழை மளமளவென்று வாசிப்பவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் கேள்வியைப் படித்து முடித்து, கண்ணாடியை மாற்றிக்கொண்டு, சரியான விடைக்குரிய நிறத்தைத் தேடுவதற்குள் நேரம் போய்விடும். பிள்ளைகளுக்கு விரல் பறக்கும், ஆனால் இரண்டு வரித் தமிழ்க் கேள்வியைப் படிக்க நேரம் பிடிக்கும், அதனால் பாதிப் பேர் கேள்வியைப் படிக்காமலே நிறத்தைத் தட்டுவார்கள். வாசிப்புக்காக வைத்த விளையாட்டில் வாசிக்காதவர் ஜெயிப்பது கொஞ்சம் வேடிக்கைதான். நேரத்தைக் கூட்டி வைக்கலாம், விரைவுக்கு மதிப்பெண் இல்லாதபடியும் செய்யலாம். ஆனால் அப்படிச் செய்தால் அந்தப் பரபரப்பில் பாதி போய்விடுகிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் நிறைகுறை. தேர்வை முடிவு செய்தது வேறொன்று. அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் இதை நடத்த யார் எதைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்? ஆள் சேர்க்கும் உத்திகளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் முதல் மாதத்தைப் பற்றியே பேசுகிறார்கள். முதல் மாதம் எதுவும் ஓடும்.

குலுக்கலுக்குக் காசு கொடுக்க வேண்டும். தொகை சிறியதுதான். ஆனால் அது அப்படியே நிற்பதில்லை. 10 வெள்ளி பழகிப்போனதும் 'இந்தத் தடவை என்ன பரிசு?' என்ற கேள்வி வரும். பிறகு முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்று ஆறுதல் பரிசு. யாராவது புரவலரைப் பிடிக்க வேண்டும், புரவலர் என்றால் பதாகை வேண்டும், பதாகை என்றால் அவர் பேச ஐந்து நிமிடம் வேண்டும். ஒரு மாதம் பரிசு இல்லை என்று சொல்லிப் பாருங்கள், யார் எதற்காக வந்தார்கள் என்பது தெரிந்துவிடும். கல்யாணப் பந்திக்கு வந்தவர்கள் இலையை மடித்ததும் எழுந்து போவது போலத்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் அழைத்தது பந்திக்கு, அவர்கள் வந்ததும் பந்திக்கு.

வினாடி வினாவுக்குக் காசு வேண்டாம், கேள்விகள் வேண்டும். மாதம் இருபது நல்ல கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நம்பும்படியான மூன்று தவறான விடைகள். உட்கார்ந்து எழுதியவர்களுக்குத் தெரியும், சரியான விடையைவிடத் தவறான விடைகளைத் தயாரிப்பதுதான் கடினம். அதோடு கேள்விகள் ஒருமுறைதான் பயன்படும். தயாரித்தவர் விளையாட முடியாது, விளையாடியவருக்குத் தயாரிக்கும் ஆசை அவ்வளவாக வருவதில்லை. ஏன் என்று யோசித்தேன். நல்ல வினாடி வினாக் கேள்விக்குப் பெரும்பாலும் யாரும் கைதட்டுவதில்லை, கைதட்டல் எல்லாம் விடை சொன்னவருக்கே. ஆகவே அந்தச் சுமை ஒரே தோளில் நின்றுவிடுகிறது. எங்கள் குழுவில் அதைச் சுமந்தவருக்கு வேலை மாறியது, வினாடி வினாவும் நின்றது.

குறுக்கெழுத்தின் பராமரிப்பு இவை இரண்டையும்விடக் கடுமையானது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள், அதிலும் சில எழுத்துகள் எல்லா இடத்திலும் வந்து நிற்கும். நமக்கு 247. 'நூலகம்' என்று இடமிருந்து வலமாகப் போட்டால் நா‌ன்கு கட்டங்கள்: நூ, ல, க, ம். மேலிருந்து கீழாக வருகிற சொல்லிலும் அதே 'நூ', அதே 'க' இருந்தாக வேண்டும், 'கி' இருந்தால் ஆகாது. மெய்யெழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது, ஆகவே 'ம்' கட்டத்திலிருந்து புதிய சொல் கீழே இறங்க முடியாது, அங்கே வந்து முடியலாம் அல்லது ஊடே கடக்கலாம். ட, ண, ழ, ள, ற, ன வரிசை எழுத்துகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. கட்டம் போட உட்காருகிறவருக்கு நன்னூல் வேறு வழியில் பாடம் எடுக்கும். அதனால் தமிழ்க் கட்டங்களில் கறுப்புக் கட்டங்கள் அதிகமாகத்தான் இருக்கும். ஆங்கில இதழ்களில் வரும் அடர்த்தியான கட்டத்தைப் பார்த்து அதுபோலச் செய்யப் போனால் தலை வலிக்கும்.

சிங்கப்பூர் இடப்பெயர்கள் இந்த விஷயத்தில் கைகொடுக்கின்றன. நெட்டெழுத்துகள் நிறைந்த பெயர்கள் பல. 'தோ பாயோ' என்று போட்டுவிட்டால் 'தோ'விலிருந்து தோட்டம் கீழே இறங்கும், 'யோ'விலிருந்து யோசனை இறங்கும், நடுவில் உள்ள 'பா'வை அப்படியே விட்டுவிடலாம். 'தேக்கா'வுக்கு மூன்று கட்டங்கள், 'சிராங்கூன்' ஐந்து. குறிப்பு எழுதும்போது அந்த மாதம் வாசிக்கிற கதைகளிலிருந்து பாதி, ஊரிலிருந்து பாதி என்று பிரித்துக்கொள்கிறோம். கதையை வாசிக்காமல் வந்தவரும் பாதிக் கட்டத்தை நிரப்பலாம். மீதிப் பாதிக்குப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார், அவர் விடையோடு கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுவார். வினாடி வினாவில் பக்கத்து ஆளிடம் கேட்டால் ஏமாற்று. இங்கே அதுதான் விளையாட்டே. கண்ணாடி மாற்றவும் நேரம் உண்டு.

இவ்வளவு பாடுபட்டுப் போடுகிற கட்டத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம்? இந்தச் சுமை தோள் மாறக்கூடியது. சில மாதங்கள் கட்டத்தை நிரப்பியவர், 'ஐந்தாவது குறிப்பு சரியில்லையே, நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்' என்று ஆரம்பிப்பார். அங்கே அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 'அடுத்த மாதம் நீங்களே போடுங்களேன்' என்றால் பத்தில் எட்டுப் பேர் நழுவுவார்கள், இரண்டு பேர் போடுவார்கள். அந்த இரண்டு பேர் போதும். கட்டம் போடுகிறவர் அதற்காகக் கதையை மூன்று தடவை படிக்கிறார், கட்டத்தின் தலையில் தன் பெயரைப் பார்க்கிறார், கூட்டத்தில் எல்லாரும் தன் குறிப்போடு மல்லாடுவதை ரசிக்கிறார். குலுக்கலில் வென்றவரை 'அடுத்த மாதப் பரிசை நீங்கள் கொடுங்கள்' என்று கேட்க முடியுமா?

'அப்படியானால் பரிசே வேண்டாமா?' என்று எங்கள் குழுவிலும் கேட்டார்கள். பரிசின் பலத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1930களில் ஆனந்த விகடன் குறுக்கெழுத்துப் போட்டி நடத்திப் பரிசு கொடுத்து விற்பனையைப் பெருக்கியது தமிழ்ப் பத்திரிகை உலகம் அறிந்த கதை. இப்படிப்பட்ட போட்டிகள் சூதாட்டத்துக்குப் பக்கத்தில் போய்விட்டன என்று 1955இல் இந்திய அரசு தனிச் சட்டமே போட்டு, மாதப் பரிசுத் தொகைக்கு 1,000 ரூபாய் என உச்சவரம்பு வைத்தது. கட்டத்தையும் பணத்தையும் சேர்த்தால் கூட்டம் வரும், சந்தேகமில்லை. ஆனால் 1973இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் நடந்த ஆய்வு ஒன்று என்னை நிதானிக்க வைக்கிறது. படம் வரைந்தால் விருது என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிற்பாடு தாமாக வரைவதற்குச் செலவிட்ட நேரம் மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று விருது கொடுத்த பிள்ளைகளிடம் அந்தச் சரிவு இல்லை. பாலர் பள்ளி ஆய்வை ஓய்வுபெற்றவர்கள் குழுவுக்குப் பொருத்தலாமா என்று ஒரு நண்பர் மடக்கினார், நியாயமான கேள்வி. ஆனாலும் எங்கள் நடைமுறை அதிலிருந்துதான் வந்தது: பரிசை அறிவிப்பதில்லை. எப்போதாவது, யாரும் எதிர்பார்க்காத மாதத்தில், நல்ல குறிப்பு எழுதியவருக்கு ஒரு புத்தகம் கொடுக்கிறோம்.

பரிசே இல்லாமல் ஒரு சொல் விளையாட்டு ஊரைக் கட்டிப்போட்டதற்கு வேர்டில் என்ற இணைய விளையாட்டு சாட்சி. 2021 நவம்பர் 1 அன்று அதை விளையாடியவர்கள் 90 பேர், இரண்டு மாதத்தில் 3 லட்சம் பேர். நாளுக்கு ஒரே ஒரு சொல், முடித்ததும் நண்பர்களுக்குக் காட்டிக்கொள்ளச் சின்னச் சின்னச் சதுரங்கள், அவ்வளவுதான். சிங்கப்பூரிலேயே பழைய உதாரணம் உண்டு. கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழ் 1950களில் மாணவர்கள் எழுதும் மாணவர் மணிமன்றத்துக்குப் பக்கம் ஒதுக்கியபோது, பெயர் அச்சில் வருகிறது என்பதே பிள்ளைகளை எழுத வைத்தது. பின்னாளில் இங்கே எழுத்தாளர்களாக அறியப்பட்ட பலர் அங்கே தொடங்கியவர்கள்.

இனி, என் கை அவ்வளவாகப் படாத இடங்கள். பதின்ம வயதினரைக் குறுக்கெழுத்து இழுக்கிறதா என்று கேட்டால், பெற்றோரோடு வந்த சிலர் உட்கார்ந்து நிரப்பியதைப் பார்த்திருக்கிறேன், தாமாக வந்தவர்கள் குறைவு. அந்த வயதினர்தான் இலக்கு என்றால் கஹூட்டை ஒதுக்க மாட்டேன், கேள்விகளை மட்டும் அவர்களையே எழுதச் சொல்லிப் பார்ப்பேன். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டிச் சமூக மன்றத்தில் ஒரே ஒரு நாள் நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு நான் சொன்ன பராமரிப்புக் கணக்கே பொருந்தாது. ஒருநாள் கூத்துக்குக் குலுக்கல்தான் பொருத்தம், டப்பாவை எடுத்து வையுங்கள். கைப்பேசியிலேயே நிரப்பும் தமிழ்க் கட்டத்தை ஒரு மாதம் முயன்றோம், ஆனால் கட்டத்துக்குள் 'கொ' என்று தட்டினால் 'க' ஒரு கட்டத்திலும் கொம்பும் காலும் அடுத்த கட்டத்திலும் போய் உட்கார்ந்தன. அது நாங்கள் எடுத்த செயலியின் கோளாறாகவும் இருக்கலாம். இப்போதைக்குத் தாளும் பென்சிலும்தான்.

தொடங்க நினைப்பவர்களுக்கு: 9க்கு 9 கட்டத்தைத் தாண்டாதீர்கள், சொற்கள் பன்னிரண்டு போதும். எழுத்தை நன்றாகப் பெரிதாக அச்சடியுங்கள். கட்டத்துக்குள் எழுத வேண்டியது ஓர் எழுத்து என்பதைப் புதியவர்களுக்கு ஒரு மாதிரி போட்டுக் காட்டுங்கள், 'பக்கம்' என்பதை மூன்று கட்டத்தில் அடைக்கப் பார்ப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அழிப்பான் நிறைய வாங்கி வையுங்கள்.