பணமில்லாத பேட்மேன், நரகத்தில் வளர்ந்த டயானா: டிசியின் அப்சல்யூட் வரிசை

பேட்மேனிடமிருந்து பணத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்ற ஒரே கேள்வியில் எங்கள் சனிக்கிழமை மாலை முழுவதும் கழிந்தது. நாங்கள் மூன்று பேர். நியூ ஜெர்சியில் வேலை பார்ப்பவர்கள். புதிய காமிக்ஸ் இதழ்கள் கடைக்கு வரும் புதன்கிழமைகளில் யாராவது ஒருவர் போய் மூவருக்குமாக வாங்கி வைப்பதும், சனிக்கிழமை ஒரு வீட்டில் கூடி அவற்றைப் பற்றிப் பேசுவதும் சில ஆண்டுகளாக எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. மூவரில் மூத்தவர் விருதுநகர்ப் பக்கம் பிறந்தவர். 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைப் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடிப் படித்து வளர்ந்த அவரை நாங்கள் அண்ணன் என்றே அழைப்போம். இன்னொருவர் பாலங்கள் கட்டும் நிறுவனத்தில் பொறியாளராக இருக்கும் தோழி. எங்கள் ரசனைகள் ஒத்துப்போவது அபூர்வம் என்பதால், மூவரும் ஒரே வரிசையை விடாமல் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதே அந்த வரிசையைப் பற்றி எழுதத் தூண்டியது.

பேட்மேன், சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான டிசி 2024 அக்டோபரில் தொடங்கிய அப்சல்யூட் வரிசை, தெரிந்த நாயகர்களை வேறொரு பிரபஞ்சத்தில் முதலிலிருந்து பிறக்கவைக்கிறது. டார்க்சைட் என்னும் கொடியவனின் ஆற்றலால் உருவான உலகம் அது. ஆகவே அங்கே நன்மைக்கு ஊன்றிக்கொள்ள எதுவும் கிடையாது. ஒவ்வொரு நாயகனும் எந்தத் துணையைக் கொண்டு நிமிர்ந்து நின்றானோ அந்தத் துணையை ஆசிரியர்கள் முதலிலேயே பறித்துவிடுகிறார்கள். பேட்மேனுக்குச் செல்வம் இல்லை, வொண்டர் வுமனாகிய டயானாவுக்கு அமேசான் என்னும் பெண் வீரர் குலத்துச் சகோதரிகளும் அவர்களுடைய தீவும் இல்லை, சூப்பர்மேனுக்குக் கான்சாஸ் பண்ணையில் நிம்மதியாகக் கழிந்த பிள்ளைப் பருவம் இல்லை. இத்தகைய மாற்றுக் கதைகள் புதியவை அல்ல. ஆனால் பெரும்பாலானவற்றில் உடையும் ஊரும்தான் மாறியிருக்கும். இங்கே மாற்றம் குணத்தின் வேரில் நடக்கிறது.

ஸ்காட் ஸ்னைடர் எழுதி நிக் டிராகோட்டா வரையும் பேட்மேன்தான் முதலில் வந்தது. ஸ்னைடர் 2011 முதல் பல ஆண்டுகள் முதன்மைப் பேட்மேன் இதழை எழுதியவர். தாம் எழுதித் தேர்ந்த பாத்திரத்தையே கழற்றிப்போட்டு மறுபடி பூட்டியிருக்கிறார். பேட்மேனாகும் இந்த ப்ரூஸ் வெய்ன், மாளிகையில் வளர்ந்தவன் அல்லன், க்ரைம் ஆலி என்னும் ஏழ்மையான பகுதியில் வளர்ந்தவன். தந்தை தாமஸ் பள்ளி ஆசிரியர். மாணவர்களை மிருகக்காட்சிச் சாலைக்குச் சுற்றுலா அழைத்துப்போன நாளில் அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறக்கிறார். தாய் மார்த்தா உயிரோடு இருக்கிறார். வேறெந்த மாற்றத்தையும்விட இதுவே என்னை அதிகம் பாதித்தது. வீட்டில் ஒரு தாய் காத்திருக்கும்போது இரவில் வெளியே போகிறவனின் கோபம் வேறு. யாருமில்லாதவனின் கோபம் வேறு. மகன் எங்கே போகிறான் என்று தெரியாத ஒரு தாயின் முகம் கதைக்குள் இருப்பதால், ஒவ்வொரு சண்டைக்கும் பின்னால் ஒரு கணக்கு தீர்க்கப்படாமல் நிற்கிறது.

ப்ரூஸ் இதில் கட்டுமானப் பொறியாளன். தோழி இந்த இடத்தில் புத்தகத்தை எங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “பணக்கார பேட்மேன் பொருளை வாங்குகிறான், இவன் பொருளைப் புரிந்துகொள்கிறான்” என்றார். ஒரு நகரத்தின் பாலமும் சுரங்கமும் எப்படிக் கட்டப்பட்டன என்று அறிந்தவனுக்கு அந்த நகரமே ஆயுதக்கிடங்கு என்பது அவருடைய வாதம். மார்பில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கவனித்தால் அவர் சொல்வது விளங்கும். அது துணியில் தைத்த முத்திரை அன்று. தடித்த, கட்டையான கறுப்புப் பாளம். அதைக் கழற்றி எடுத்தால் கோடரியின் தலையாகிறது. காதுகளும் கழன்று கத்திகளாகின்றன. டிராகோட்டா அந்தப் பாளத்தை வரையும்போது வளைவுகளை முற்றிலும் தவிர்த்து, பட்டறையில் வெட்டியெடுத்த இரும்புபோல நேர்கோடுகளாகவே நிறுத்துகிறார். பார்க்கும்போதே அதன் எடை தெரிகிறது.

அண்ணன் இதை ஏற்கவில்லை. இந்த பேட்மேன் கதவு நிறைய நிற்கும் மலைபோன்ற உடம்புக்காரன். பணத்துக்குப் பதிலாக உடம்பைக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான், பறித்ததாகக் காட்டிவிட்டு வேறு வழியில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. பார்ட்டி அனிமல்ஸ் என்ற கும்பலோடு நடக்கும் முதல் பெரிய மோதலில் கோடரி ஒருவனுடைய கையைத் துண்டிக்கிறது. அந்தப் பக்கத்தின் வேகத்தை நான் ரசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கொல்லாமை என்ற விரதத்தை ஓர் அங்குலம் தள்ளி நின்று காப்பாற்றும் பேட்மேன் எனக்கு நெருக்கமானவன் அல்லன். பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுக்கும் முன் பெற்றோர் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.

இருந்தும் இந்தத் தொடரை நான் கைவிடாததற்குக் காரணம் சண்டை அன்று, நண்பர்கள். வேலன் ஜோன்ஸ், ஆஸ்வால்ட், ஹார்வி, எட்வர்ட், செலினா ஆகியோர் இந்தக் கதையில் ப்ரூஸோடு ஒன்றாக வளர்ந்தவர்கள். பழைய கதைகளைப் படித்தவருக்கு இந்தப் பெயர்கள் யாருடையவை என்று தெரியும்: கில்லர் க்ராக், பெங்குவின், டூ-ஃபேஸ், ரிட்லர், கேட்வுமன். அங்கே அவனுடைய எதிரிகள். இங்கே அவன் துக்கத்தில் தோள் கொடுத்தவர்கள். அவர்கள் கூடியிருந்து ஒருவரையொருவர் சீண்டிச் சிரிக்கும் காட்சிகளில், நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாதே என்ற பதைப்பு நம் நெஞ்சில் ஏறுகிறது. எவன் முதலில் முறிவான், அந்த முறிவுக்கு ப்ரூஸே காரணமாவானா என்ற கேள்வியை ஆசிரியர் அவசரப்படாமல் வளர்க்கிறார். நாங்கள் மூவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து இந்தப் பக்கங்களைப் படித்தபோது சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

கெல்லி தாம்சன் எழுத, ஹேடன் ஷெர்மன் வரைந்திருக்கும் வொண்டர் வுமன், என் தீர்ப்பில், முதலில் வந்த மூன்றிலும் சிறந்தது. 2025இல் சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் என்னும் காமிக்ஸ் விருது இதற்குக் கிடைத்தது என்பதற்காகச் சொல்லவில்லை. விருது வருவதற்கு வெகு முன்பே அண்ணனும் நானும் இதில் ஒத்துப்போயிருந்தோம். கடவுளர் அமேசான்களைத் தண்டித்து, குழந்தை டயானாவை நரகத்தில் சிறைப்பட்டிருக்கும் சூனியக்காரி சர்சியிடம் ஒப்படைக்கிறார்கள். அமேசான் என்ற சொல்லைக்கூட உச்சரிக்க முடியாதபடி தடை விதிக்கப்பட்டிருக்கிறது. தன் குலத்தின் பெயரே தெரியாமல், அரக்கப் பிராணிகளுக்கு நடுவே, வேண்டா வெறுப்பாகத் தன்னை ஏற்றுக்கொண்ட ஒரு பெண்ணிடம் வளரும் குழந்தை என்னவாகும்? கொடியவளாகும் என்றுதான் கதை கேட்டுப் பழகிய மனம் எதிர்பார்க்கும். டயானா அன்புள்ளவளாக வளர்கிறாள். அதோடு, வளர்த்தவளையும் அன்புள்ளவளாக மாற்றிவிடுகிறாள். பெற்ற மனத்தைவிட வளர்த்த மனம் பெரிது என்று நம் வீடுகளில் சொல்வதை இவ்வளவு நேராகச் சொல்லும் சூப்பர் ஹீரோ கதை எதையும் நான் அண்மையில் படிக்கவில்லை.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். ஸ்டீவ் ட்ரெவர் என்னும் படைவீரன் அந்த நரகத் தீவில் வந்து விழுகிறான். அவனைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் விலை கொடுத்தாக வேண்டும். டயானா தன் ஒரு கையையே கொடுக்கிறாள். பேட்மேன் இதழில் கை வெட்டப்படும் காட்சியையும் இந்தக் காட்சியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டு தொடர்களின் மனப்போக்கும் புலப்படும். இங்கே ஆசிரியர் வீராவேசம் பேசவில்லை, டயானாவும் புலம்பவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறாள். பிற்பாடு அவள் எலும்புக்கூடான பெகாசஸ் என்னும் சிறகுக் குதிரை மீதேறி, தன் உயரத்துக்கு நிகரான வாளைத் தூக்கிக்கொண்டு கேட்வே நகரத்தில் இறங்கும்போது, அந்தப் பயங்கரத் தோற்றத்துக்குள் இருப்பவள் யார் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது.

ஷெர்மன் பக்கங்களை அமைக்கும் முறை தனியாகப் பேச வேண்டியது. கட்டங்களை வரிசையாக அடுக்கும் வழக்கத்தை விட்டு, பக்கம் முழுவதையும் ஒரே வடிவமாகக் கண்டு, அந்த வடிவத்துக்குள் கட்டங்களைச் செருகுகிறார். கண் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதில் மட்டும் குழப்பம் வருவதே இல்லை. ஜோர்டி பெலேரின் வண்ணங்கள் நரகத்துக்கு ஒரு சிவப்பையும் நினைவுகளுக்கு வேறொரு தணிந்த நிறத்தையும் கொடுத்து, காலம் மாறுவதை வசனமில்லாமலே சொல்லிவிடுகின்றன.

ஜேசன் ஆரன் எழுதி ரஃபா சாந்தோவல் வரையும் சூப்பர்மேனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அவன் பிறந்த கிரகமான க்ரிப்டானில் இங்கே வர்க்கப் பிரிவு உண்டு. மார்பிலிருக்கும் அந்தப் புகழ்பெற்ற எழுத்து உழைப்பாளர் வகுப்பின் அடையாளம். பூமியில் லாசரஸ் என்னும் நிறுவனம் சுரங்கத் தொழிலாளர்களைப் பிழிந்தெடுக்க, கால்-எல் என்னும் பிறப்புப் பெயர் கொண்ட சூப்பர்மேன் அவர்களுக்காக நிற்கிறான். கருத்து மிக நல்லது. முதுகில் செந்துகளாகப் பறக்கும் அந்தப் போர்வையும் அழகான கற்பனை. ஆனால் கதை க்ரிப்டானுக்கும் பூமிக்குமாக மாறி மாறி ஓடுவதால் இரண்டு இடத்திலும் கால் ஊன்ற முடியவில்லை. தொழிலாளர்கள் காப்பாற்றப்படும் கூட்டமாகவே இருந்துவிடுகிறார்கள். அவர்களில் ஒருவருடைய பெயர்கூட என் மனத்தில் தங்கவில்லை. தோழிக்கு மட்டும் இது பிடித்திருந்தது.

இந்த மூன்றையும் பற்றிப் பேசி முடித்தபின் 2025 மார்ச்சில் தொடங்கிய மார்ஷியன் மேன்ஹண்டர் எங்கள் மேசைக்கு வந்தது. டெனிஸ் கேம்ப் எழுதி ஹாவியர் ரோத்ரிகஸ் வரைந்தது. பழைய கதைகளில் செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தவனான நாயகன் ஜான் ஜோன்ஸ் இதில் வேற்றுக்கிரகவாசி அல்லன். எஃப்பிஐ அதிகாரியாக வேலை பார்க்கும் சாதாரண மனிதன். ஒரு தற்கொலைத் தாக்குதலில் உயிர் தப்பிய பிறகு அவன் மனத்துக்குள் செவ்வாய்க்காரன் ஒருவன் குடியேறுகிறான். அதிலிருந்து மற்றவர்களுடைய எண்ணங்கள் அவன் கண்ணுக்கு நிறப் புகைகளாகத் தெரிகின்றன. தெருவில் போகிற ஒவ்வொருவர் தலையிலிருந்தும் வெவ்வேறு நிறத்தில் புகை எழுந்து, ஒன்றோடொன்று கலந்து, பக்கம் முழுவதும் பரவுகிறது. மனம் படிக்கும் ஆற்றலை இதுவரை எழுத்தாலும் வசனப் பலூனாலும் காட்டிவந்த கலையில், இங்கே நிறமே சொல்லாகிறது. பிறர் மனத்தையெல்லாம் பார்க்க முடிந்தவன் தன் மனைவியிடமும் மகனிடமும் இரண்டு வார்த்தை பேச முடியாமல் தவிப்பதுதான் கதையின் உயிர். அண்ணன் முதல் இதழை இரண்டு முறை படித்தார். இரண்டாம் முறை வசனங்களை விட்டுவிட்டுப் புகையை மட்டும் பின்தொடர்ந்ததாகச் சொன்னார். நானும் அப்படிச் செய்து பார்த்தேன். கதை புரிகிறது.

டிசியின் போட்டி நிறுவனமான மார்வெலும் 2024 ஜனவரியில் ஜொனாதன் ஹிக்மன் எழுதிய புதிய அல்டிமேட் ஸ்பைடர்மேனோடு இதே பாதையில் இறங்கியது. அதில் பீட்டர் பார்க்கர் இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தையான பிறகே ஆற்றல் பெறுகிறான். அவனுடைய கறுப்பு உடை பயமாக இருக்கிறது என்று சிறிய மகள் சொல்லும் இடம் அண்ணனுக்கு மனப்பாடம். ஆனால் அங்கே நாயகனுக்குக் குடும்பம் கூடுதலாகக் கிடைக்கிறது, இங்கே இருந்ததும் பறிபோகிறது. இரண்டையும் ஒரே தட்டில் நிறுக்க வேண்டியதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் இதழ்கள் தனித்தனியாக 4.99 டாலர் விலையில் வந்தன. இப்போது பேட்மேன், சூப்பர்மேன் இரண்டின் முதல் ஆறு இதழ்களும் தொகுப்பு நூல்களாகக் கிடைக்கின்றன. தனித்தனியாக வாங்குவதைவிடச் செலவு குறைவு, நடுவே விளம்பரத் தொந்தரவும் இல்லை. வொண்டர் வுமனை மட்டும் முடிந்தால் தனி இதழ்களாகவே தேடிப் பாருங்கள். ஊக்கு அடித்த இதழ் மேசையில் தட்டையாக விரியும். ஒட்டிக் கட்டிய தொகுப்பிலோ ஷெர்மனின் இருபக்க ஓவியங்களின் நடுப்பகுதி மடிப்புக்குள் போய்விடுகிறது. இரண்டையும் அருகருகே விரித்துப் பார்த்தபோது, தொகுப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓவியத்தை இழந்திருந்தோம்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் டயானாவைக் கொடுப்பேன், அண்ணன் செவ்வாய்க்காரனைக் கொடுப்பார். தோழி பேட்மேன் தொகுப்பைத் தன் அலுவலகத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார். அங்கே புதிதாகச் சேர்ந்த இளம் பொறியாளர்களுக்குக் காட்ட வேண்டுமாம்.