விண்டோஸ் 10 கைவிட்ட லேப்டாப்புக்கு எது சரி: விண்டோஸ் 11-ஆ, லினக்ஸ் மின்ட்டா, குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. 2015 ஜூலையில் வந்த இயங்குதளம், பத்து வருடம் நன்றாகவே ஓடியது. அதை நிறுத்தியதில்கூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் அதோடு சேர்த்து ஒதுக்கப்படும் லேப்டாப்களைப் பற்றித்தான். திரையில் ஒரு கீறல் இருக்காது, கீபோர்டில் பழுது இருக்காது. ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் ப்ராசசர் இன்றைக்கும் பிரவுசர், வேர்டு, வீடியோ எல்லாவற்றையும் தாங்கும். ஆனாலும் விண்டோஸ் 11-க்கு இது தகுதியில்லை என்று திரையில் ஒரு வரி வந்துவிட்டால், பலர் புது மெஷின் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை.

விண்டோஸ் 10-லேயே தொடர்ந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. லேப்டாப் ஒன்றும் நின்றுவிடாது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பணம் கட்டியும் சேரலாம், உங்கள் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசமாகவும் சேரலாம். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபென்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கேட்டு நிம்மதியாகிவிடுபவர்கள் உண்டு. ஆனால் வைரஸ் பட்டியல் வேறு, இயங்குதளத்தின் ஓட்டையை அடைப்பது வேறு. ஓட்டை அடைபடாத மெஷினில் வங்கிக் கணக்கைத் திறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. யோசித்து முடிவெடுக்கக் கிடைத்த அவகாசமாக மட்டும் இந்தத் திட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விண்டோஸ் 11-க்கு வருவோம். 2021 அக்டோபரில் வெளியானபோதே இதன் நிபந்தனைகள் கடுமை: டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடக்கத்தில் ஓடவிடும் வசதி), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். இதற்கெல்லாம் மேலே, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசசர். இதில் ஒன்றைக் கவனியுங்கள். எட்டாம் தலைமுறை லேப்டாப் வைத்திருந்தும் தகுதியில்லை என்று வருகிறதென்றால், டிபிஎம் பல நேரம் பயாஸில், அதாவது லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பில், அணைந்து கிடக்கும். இன்டெலில் பிடிடி என்ற பெயரிலும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இருக்கும் அதை இயக்கிவிட்டுத் திரும்பச் சோதித்துப் பாருங்கள். தகுதி வந்துவிட்டால் தயங்காமல் விண்டோஸ் 11-க்குப் போய்விடலாம். தகுதி வந்தவர்களுக்கு இதற்கு மேல் ஒப்பீடு தேவையில்லை.

ஏழாம் தலைமுறை, அதற்கும் கீழே என்றால்தான் சிக்கல். ரூஃபஸ் என்ற சிறிய மென்பொருளால் பென் டிரைவ் தயாரித்தால், இந்தச் சோதனைகளை நீக்கிவிட்டு விண்டோஸ் 11-ஐப் போட்டுவிட முடியும். ஓடவும் செய்யும். ஆனால் தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் எந்த உறுதியும் கொடுக்கவில்லை. மாதாந்திர அப்டேட் வந்தாலும், வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பைப் பெரும்பாலும் நாமே மறுபடி பென் டிரைவ் வைத்து ஏற்ற வேண்டியிருக்கும். 2024-இல் 24எச்2 என்ற பதிப்பு வந்தபோது, அதற்குத் தேவையான சில கட்டளைகள் இல்லாத பழைய ப்ராசசர்களில், அதாவது கோர் 2 டூவோ காலத்து மெஷின்களில், அது பூட் ஆகவே இல்லை. அடுத்த பதிப்பில் எந்தக் கதவு மூடும் என்பது நம் கையில் இல்லை. தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் இப்படி வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் லேப்டாப்பிலோ, அலுவலகத்து நண்பரின் லேப்டாப்பிலோ இதைப் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

லினக்ஸ் மின்ட்டில் இந்தக் கவலை இல்லை. 2006-இல் தொடங்கிய இலவச இயங்குதளத் திட்டம் இது. 2024 ஜூலையில் வந்த 22-ஆம் பதிப்பு, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு. 2 ஜிபி ரேம் போதும் என்று சொன்னாலும் 4 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. தொடக்க மெனு இடது மூலையில், கடிகாரம் வலது மூலையில் என்று விண்டோஸ் 7 பழகியவருக்கு ஐந்து நிமிடத்தில் கை பழகிவிடும் அமைப்பு. எனக்கு மிகவும் பிடித்தது அதன் அப்டேட் முறை. எப்போது போடுவது, எப்போது ரீஸ்டார்ட் செய்வது எல்லாம் நம் முடிவு. நடுவில் வேலையை நிறுத்தி லேப்டாப்பைப் பிடுங்கிக்கொள்ளாது. டைம்ஷிஃப்ட் என்ற கருவியை முதல் நாளே இயக்கி வைத்துவிட்டால், ஒரு அப்டேட் சொதப்பினாலும் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

குரோம் பிரவுசரை மையமாகக் கொண்ட கூகுளின் இயங்குதளமான குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் இதற்கு நேர் எதிர். நாம் பார்த்துக்கொள்ள அதில் எதுவுமே இல்லை, எல்லாம் தானாக நடக்கும். பழைய கணினிகளுக்கான கிளவுட்ரெடி என்ற இயங்குதளத்தை உருவாக்கிய நெவர்வேர் நிறுவனத்தை 2020-இல் கூகுள் வாங்கியது, அதிலிருந்து வளர்ந்து 2022-இல் இது முழுமையாக வெளியானது. வேகமாகத் திறக்கும், கெடுப்பது கடினம். ஆனால் பலரும் கவனிக்காமல் போட்டுவிட்டு ஏமாறும் இடம் ஒன்று உண்டு: குரோம்ஓஎஸ்ஸோடு விற்கப்படும் லேப்டாப்பான குரோம்புக்கில் ஓடும் பிளே ஸ்டோரும் ஆண்ட்ராய்டு ஆப்களும் ஃப்ளெக்ஸில் கிடையாது. கைரேகை சென்சாருக்கும் டிவிடி டிரைவுக்கும் ஆதரவு இல்லை. விண்டோஸை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு இதை இன்னொரு பக்கம் போடவும் வழியில்லை, டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். சான்றளித்த மாடல்களின் பட்டியலைக் கூகுள் வெளியிடுகிறது. ஒவ்வொரு மாடலுக்கும் ஆதரவு எந்த ஆண்டு முடியும் என்பதும் அதிலேயே இருக்கும். பட்டியலில் இல்லாத மெஷினில் போட்டால் ஓடலாம், ஓடாமலும் போகலாம்.

இயங்குதளத்தின் அழகை விட்டுவிட்டு அன்றாட வேலைக்கு வருவோம். முக்கியமானது கோப்புகள். மின்ட்டோடு வரும் லிப்ரஆபீஸ் வேர்டு கோப்புகளைத் திறக்கும், சேமிக்கும். ஆனால் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு விண்ணப்பப் படிவத்தைத் திறந்து பாருங்கள். கலிப்ரி எழுத்துரு இல்லாததால், அதே அகலம் கொண்ட கார்லிட்டோ அந்த இடத்தில் வந்து உட்காரும். ஆங்கில வரிகள் அப்படியே நிற்கும். தமிழ் வரிகளுக்கு அப்படி அளவொத்த மாற்று எழுத்துரு அமைவது அபூர்வம். நிர்மலா யுஐ, லதா எழுத்துருக்களில் அடித்தவை வேறொரு எழுத்துருவில் கொஞ்சம் அகலமாகிவிடும், ஒரு பக்கத்தில் முடிந்த அட்டவணையின் கடைசி வரிசை இரண்டாம் பக்கத்தில் போய் விழும். நாம் மட்டும் படிக்கும் கோப்பு என்றால் பரவாயில்லை. திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டிய கோப்பு என்றால் இது தினசரித் தொல்லை. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் நிறைய வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். அந்த எழுத்துருக் கோப்பை மின்ட்டில் நிறுவிவிட்டால் விண்டோஸில் தெரிந்தது போலவே தெரியும். ஃப்ளெக்ஸில்தான் இது கஷ்டம், நினைத்த எழுத்துருவை நிறுவ எளிய வழி அங்கே இல்லை.

தமிழ்த் தட்டச்சில் மூன்றுமே தேறிவிடும். விண்டோஸ் 11-லும் ஃப்ளெக்ஸிலும் அமைப்புகளுக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் முடிந்தது. மின்ட்டில் ஒரு படி கூடுதல். ஐபஸ், எம்17என் என்ற இரண்டு தட்டச்சுக் கருவிகளையும் நிறுவி, அதன் வழியாகத் தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் 'க' இரண்டு முறை அடித்தால் 'க்க' ஆவது போன்ற விதிகள் ஒழுங்காக வேலை செய்யும். வெறும் கீபோர்டு பட்டியலில் தெரியும் தமிழை எடுத்துவிட்டு, லினக்ஸில் தமிழ் சரியில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

மென்பொருளில் மட்டும் எந்தச் சமாதானமும் எடுபடாது. ஃபோட்டோஷாப்பும், கணினியில் நிறுவும் எம்எஸ் ஆபீஸும் லினக்ஸுக்கு வருவதில்லை. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் என்ற கருவி வழியாக ஓட்டலாம் என்பார்கள். பிழைப்பே அதில் என்றால் அந்தப் பேச்சை நம்பி இறங்க வேண்டாம், விண்டோஸிலேயே இருங்கள். விளையாட்டுகளில் நிலைமை பாதிக்குப் பாதி. 2018-இல் வால்வ் நிறுவனம் கொண்டுவந்த புரோட்டான் என்ற கருவியால், அதன் விளையாட்டுக் கடையான ஸ்டீமில் ஏராளமான விண்டோஸ் விளையாட்டுகள் லினக்ஸில் நன்றாக ஓடுகின்றன. வேலரண்ட் போல, ஏமாற்றுத் தடுப்பை இயங்குதளத்தின் ஆழத்தில் வைக்கும் விளையாட்டுகள் மட்டும் ஓடாது. சில ஓடிடி தளங்கள் லினக்ஸ் பிரவுசருக்கு உயர்தரப் படம் தருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் கணக்கு இதுதான். ஏழாம் தலைமுறை அல்லது அதற்கும் கீழே உள்ள லேப்டாப், ஃபோட்டோஷாப் போன்ற கட்டாயம் எதுவும் இல்லை என்றால் மின்ட். சந்தேகமே வேண்டாம். பிரவுசரைத் தாண்டி எதையும் திறக்காத ஒருவருக்கு, பக்கத்தில் கேட்டு உதவ ஆளும் இல்லை என்றால், மாடல் கூகுள் பட்டியலில் இருக்கும்பட்சத்தில் ஃப்ளெக்ஸ். விண்டோஸ் மென்பொருள் இல்லாமல் பிழைப்பு ஓடாது, மெஷினும் தகுதி பெறவில்லை என்ற ஒரே நிலையில்தான் புது லேப்டாப் என்ற பேச்சு நியாயம்.

ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும், உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். பழைய லேப்டாப் மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் ப்ராசசர் காரணம் இல்லை. ஹார்ட் டிஸ்க்கின் ஊசி ஒவ்வொரு சிறு கோப்பையும் தேடிப்போக 10 மில்லிசெகண்ட் அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் அந்தத் தேடலே இல்லை. மின்ட் போட்டதும் பறக்கிறது என்று சொல்பவர்களில் பலர் அதே நாளில் எஸ்எஸ்டியும் மாற்றியவர்கள். எஸ்எஸ்டி மாற்றியிருந்தால் விண்டோஸும் அவர்களுக்குப் பாதி பறந்திருக்கும்.

மின்ட்டை நிறுவாமலேயே சோதித்துப் பார்க்கலாம் என்பது இன்னொரு வசதி. பென் டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் எஃப்12 அல்லது எஸ்கேப் விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் பூட் மெனு வரும். எந்த விசை என்பது மாடலுக்கு மாடல் மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் முழு மின்ட்டும் திரையில் வந்துவிடும், டிஸ்க்கில் ஒன்றும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமராவில் முகம் தெரிகிறதா, பிரின்டர் ஒரு பக்கம் அடிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மூடியை மூடிக் கொஞ்ச நேரம் விட்டுத் திறங்கள். தூக்கத்திலிருந்து ஒழுங்காக எழுந்தால் பெரிய தடை தாண்டியாயிற்று. வைஃபை வரவில்லை என்றால் பிராட்காம் சிப்பாக இருக்கக்கூடும், போனின் இணையத்தை யுஎஸ்பி கேபிள் வழியாகத் தரும் டெதரிங்கில் போட்டு, மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஃப்ளெக்ஸையும் இதேபோல் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம்.

நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள். விண்டோஸையும் வைத்துக்கொண்டு மின்ட்டைப் பக்கத்தில் போடுவதாக இருந்தால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். புதிய லேப்டாப்களில் நாம் கேட்காமலேயே அது இயங்கிக்கொண்டிருக்கலாம். பயாஸில் ஏதாவது ஒன்றை மாற்றினால், அடுத்தமுறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது தொலைந்தால் உள்ளே இருக்கும் கோப்புகளை மைக்ரோசாஃப்ட்டாலும் திறந்து தர முடியாது.