பாதி விலைக்கு வந்த இயர்போனும் பச்சை படிந்த பின்னும்

நான் கொடுத்த விலையில் பாதிக்கு இப்போது அந்த இயர்போன் கிடைக்கிறது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மைத்துனன் கேட்கிறான்: "அத்தான், நீங்கள் வைத்திருப்பதுதானே? வாங்கிவிடட்டுமா? உழைக்குமா?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அவன் கேட்ட வாரம் நல்ல வாரமில்லை. இடது பக்கம் ஊமையாகிப் போய், சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் சாலிடர் வைத்து வாங்கி வந்து, அதற்குப் பிறகும் ஒரு கூத்து நடந்து, இப்போதுதான் ஒழுங்காகப் பாடத் தொடங்கியிருக்கிறது. ஆகவே பதில் சற்று நீளும்.

ஒயர் உள்ள வகை. காதுக்குள் செருகி, ஒயரைக் காதின் மேலாகச் சுற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். கேபிளைக் கழற்றி மாட்டலாம். கூட்டின் முதுகில் குட்டி சுவிட்சுகள் உண்டு, அவற்றைத் தள்ளி ஒலியை மாற்றிக்கொள்ளலாம். பெட்டியில் அச்சிட்டிருந்த மற்ற விவரங்கள் அவனுக்கே தெரியும். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நான் திட்டப்போகும் அமைப்பு இந்த விலையில் வரும் வேறு பல இயர்போன்களிலும் இருக்கிறது, ஒருவரை மட்டும் அடிப்பானேன்?

இந்தக் காலத்தில் ஒயரா என்று அவனுடைய அலுவலகத்தில் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். 2016இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையைக் கைவிட்டது; மற்ற நிறுவனங்களும் பின்னாலேயே போயின. இன்று ஒயர் வேண்டுமென்றால் ஒயரின் ப்ளக்கைச் செல்போனின் சார்ஜ் துளையோடு இணைக்கும் யூஎஸ்பி-சி டாங்கிள் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிய வேண்டியிருக்கிறது, தொல்லைதான். ஆனால் கேள்வி 'உழைக்குமா' என்பதாக இருந்தால் புளூடூத் பட்ஸுக்கு அங்கே இடமில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் சுண்டுவிரல் நகமளவு லித்தியம் மின்கலம். தினமும் ஏறி இறங்கி ஏறி இறங்கிச் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். ஒட்டி மூடிய கூட்டைப் பிளந்து அதை மாற்றித் தர எந்தக் கடைக்காரரும் ஆசைப்படுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டத்தில், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற விதி 2027 பிப்ரவரியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது. அதன் பலன் நம் ஊர்க் கடைக்கு வந்து சேரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒயர் இயர்போனில் முதலில் சாவது ஒலி எழுப்பும் பகுதியன்று. அந்தச் சவ்வும் சுருளும், தண்ணீர் புகாமல் இருந்தால், நம்மைவிடப் பொறுமைசாலிகள். சாவது ஒயர்தான்: ப்ளக்கின் கழுத்தில், இரண்டாகப் பிரியும் இடத்தில், காதருகே வளையும் இடத்தில். சட்டைப்பையில் திணித்துத் திணித்து உள்ளே செம்பு இழை ஒவ்வொன்றாக அறும். ஒரு நாள் ஒயரை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் பாட்டு கேட்கும், மறுநாள் அதுவும் கேட்காது. இதற்கு மருந்தாகத்தான் கழற்றும் கேபிள் வந்தது. சில நூறு ரூபாய்க்கு வேறு கேபிள் வாங்கி மாட்டினால் புதுப்பிறவி. கேட்க நன்றாக இருக்கிறது, பெரும்பாலும் உண்மையும்கூட. நான் இதுவரை கேபிள் மாற்றியும் இருக்கிறேன், மனநிறைவோடு.

பிடிக்காதது அந்த இணைப்பு.

கழற்றும் கேபிளில் இரண்டு வகை பரவலாக உண்டு. ஒன்று எம்எம்சிஎக்ஸ்; ரேடியோக் கருவிகளுக்காக உருவான சிறிய வட்ட இணைப்பு. 'க்ளிக்' என்று அமரும், மாட்டிய பிறகும் சுழலும். சுழல்வது காதுக்கு வசதி, ஆனால் சுழலச் சுழலப் பிடிப்பு தளர்ந்து கரகரப்பு தொடங்கும். பொதுவாக அதற்குச் சொல்லப்படும் ஆயுள் 500 முறை கழற்றி மாட்டுவது. மற்றொன்று இரண்டு பின் வகை; பின் என்பது ப்ளக்கில் நீட்டியிருக்கும் குட்டி உலோக ஊசி, 0.78 மில்லிமீட்டர் தடிமன். சுழலாது, ஆகவே கரகரப்பு குறைவு. நம்மிடம் இருப்பது இது. இரண்டு பின் வகையிலும் சாக்கெட்டின் வாய் கூட்டின் மேற்பரப்போடு சமமாக இருக்கலாம், அல்லது ஒரு குழிக்குள் இறங்கியிருக்கலாம். என்னுடையதில் குழி. பின் வளையாமல் குழி காக்கும் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். காக்கிறது. அதோடு காதுக்குப் பின்னாலிருந்து வழியும் வியர்வையையும் சேர்த்துக் காக்கிறது.

சென்னையில் மே மாதத்தில் பறக்கும் ரயிலுக்கு நடந்து போகிறவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பின்மேல் உள்ள தங்கப்பூச்சு மெல்லியது. கழற்றி மாட்டும்போது அது தேய்ந்த இடத்தில் உப்பு நீர் பட்டால் அடியில் இருக்கும் செம்புக் கலவை பச்சை பிடிக்கும். கேபிளிலும் இதைப் பார்க்கலாம். ஒளி ஊடுருவும் உறைக்குள் வெள்ளி போல மின்னிய ஒயர், காதருகே ஒரு சாண் மட்டும் குளத்துப் பாசி நிறமாகிவிடும். அது கண்ணுக்குத்தான் அசிங்கம், ஒலிக்கு ஒன்றும் ஆகாது. பின்னில் பிடிக்கும் பச்சைதான் ஆளைக் கொல்லும். குழி என்பதால் துணி நுழையாது. ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் பல் இடுக்குத் தூரிகையை நனைத்துத் துடைக்க வேண்டும். மாதந்தோறும் இதைச் செய்து வருகிறேன். இயர்போனுக்கா, வெள்ளிப் பாத்திரத்துக்கா இந்தச் சேவகம் என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் இல்லை.

துடைத்தும் இடது பக்கம் போனது. கேபிளின் பின் சாக்கெட்டுக்குள் இறுகிவிட்டது. கழற்ற இழுத்த இழுப்பில் உள்ளே சாக்கெட்டின் சாலிடர் விட்டுவிட்டது. ரிச்சி தெருவின் பக்கச் சந்தொன்றில் செல்போன் பழுது பார்ப்பவர், உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, சூடான காற்றை மெல்லக் காட்டிக் கூட்டின் பசையை இளக்கித் திறந்தார். உள்ளே தலைமுடி போன்ற இரண்டு ஒயர்கள். அவற்றின் மேல் அரக்குப் பூச்சு இருக்கும், அதை நுனியில் எரிக்காமல் சாலிடர் ஒட்டாது. எரிக்கும் நேரம் ஒரு நொடி கூடினால் ஒயரே போய்விடும். அவருடைய கை நடுங்கவில்லை. வாங்கிய கூலி, ஒரு புதுக் கேபிளின் விலையைவிடக் குறைவு. இடது பக்கம் பாடியது, நானும் மகிழ்ந்து வீட்டுக்கு வந்தேன். கூத்து அதற்குப் பிறகுதான்.

ஒலி அளவு சரி, இரண்டு பக்கமும் சமம், ஆனால் கேட்கச் சகிக்கவில்லை. நடுநெற்றியில் நிற்க வேண்டிய பாடகர் குரல் இரண்டு காதோரமும் பிய்ந்து தொங்கியது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி எங்கிருந்து வருகிறதென்றே புரியவில்லை. சாலிடர் வைத்ததில் இடது பக்கத்து ஒயர்களின் கூட்டல் முனையும் கழித்தல் முனையும் இடம் மாறிவிட்டன. வலது சவ்வு முன்னே தள்ளும்போது இடது சவ்வு பின்னே இழுக்கிறது. அறையில் வைக்கும் ஸ்பீக்கர்களில் இப்படி நேர்ந்தால் அடி ஒலிகள் காற்றிலேயே ஒன்றையொன்று தின்றுவிடும். காதில் செருகுவதில் காற்று கலப்பதில்லை, குழம்புவது மூளை. உறுதி செய்ய எளிய வழி இரண்டு காதுக்கும் ஒரே ஒலி வரும் பழைய மோனோ ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது. அது தலைக்கு நடுவே ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். நிற்கவில்லை.

இங்கேதான் இரண்டு பின் வகைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். கூட்டை மறுபடி திறக்கத் தேவையில்லை. இடது பக்கத்து ப்ளக்கை மட்டும் பிடுங்கி, அரைச் சுற்று திருப்பிச் செருகினால் கூட்டலும் கழித்தலும் தம் இடத்துக்கு வந்துவிடும். வந்தன. ஆனால் காதைச் சுற்றிப் பின்னால் போக வேண்டிய ஒயர் வளைவு இப்போது கன்னத்தை நோக்கித் திரும்பிக்கொண்டது! தலைமுடி உலர்த்தும் கருவியால் அந்த வளைவின் பிளாஸ்டிக் உறையை இளக்கி எதிர்ப்பக்கம் வளைத்துக் குளிர வைத்தேன். இன்று அந்தக் கேபிள் உலகத்தில் வேறு எந்த இயர்போனுக்கும் பொருந்தாது. அடுத்த கேபிளுக்கும் இதே சடங்கு.

இனி ஒலி. மைத்துனனுக்கு ஆசை சுவிட்சுகள்மேல்தான். நான்கு சுவிட்சுகள், கணக்குப்படி 16 விதமான ஒலி. காதுக்குத் தெரிவது மிஞ்சிப்போனால் மூன்று. தள்ளுவதற்கு சிம் கார்டு ஊசி வேண்டும். கருப்புமேல் கருப்பாக அச்சிட்ட எண்களைப் படிக்க வெயில் வேண்டும். இடது பக்கம் ஒரு விதம், வலது பக்கம் ஒரு விதம் என்று ஆகாமல் பார்த்துக்கொள்ள நிதானம் வேண்டும். ஒரு நல்ல நிலையைக் கண்டுபிடித்தபின் நான் அவற்றைத் தொடவேயில்லை. இப்போது அந்தத் துளைகள் தூசி சேர்க்கின்றன. இதற்கு 1991இல் வந்த எடிமோட்டிக் இஆர்-4 என்ற இயர்போனின் பழைய முறை தேவலை: காதுக்குள் போகும் குழலுக்குள் மாற்றக்கூடிய சின்ன வடிகட்டி. அழுக்கையும் அது தடுக்கும், ஒலியின் கூர்மையையும் அது தணிக்கும். அடைத்துக்கொண்டால் பிடுங்கிவிட்டு வேறு போடலாம்.

எதிர்பாராத இன்பம் வேறிடத்தில் கிடைத்தது: டாங்கிளுக்குள்ளேயே பதிந்துகொள்ளும் பாராமெட்ரிக் ஈக்வலைசர், அதாவது ஒலியை வேண்டிய இடத்தில் கூட்டிக் குறைக்கும் வசதி. செல்போனில் ஒரு முறை அமைத்துவிட்டால் போதும், அலுவலகக் கணினியில் செருகினாலும் அதே ஒலி. எந்த அலைவரிசையில், எத்தனை டெசிபல், எவ்வளவு அகலத்தில் என்று மூன்றையும் நாமே சொல்லலாம்.

ஏன் இது தேவை? வெறும் காதின் குழாய் சுமார் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். இயர்போனைச் செருகியதும் குழாய் அடைபட்டு அந்தத் தூக்கல் போய்விடும். ஆகவே தயாரிப்பவர்கள் அதைத் தாங்களே இயர்போனின் ஒலியில் கூட்டி வைக்கிறார்கள். எவ்வளவு கூட்டுவது? ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஓலிவ் குழுவினர் பலரைக் கேட்கவைத்து ஆராய்ந்து எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஓர் இலக்கு வளைகோட்டை வகுத்தார்கள். இன்று பலரும் அதை ஒட்டியே செய்கிறார்கள். அது சராசரிக் காதுக்கானது. என் காது சராசரி இல்லை போலும். சரியாக அந்த இடத்தில்தான் நாகஸ்வரம் தன் பலத்தையெல்லாம் வைத்திருக்கிறது. கோயில் வாசலில் இருபது அடி தள்ளி நின்று கேட்க வேண்டிய கருவியைக் காதுக்குள் வைத்து ஊதினால் எப்படி இருக்கும்? 3000 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறைத்தேன், அகலத்தைக் குறிக்கும் க்யூ எண் 1. அவ்வளவுதான். வாசிப்பவர் நான்கைந்து அடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். தவில் அவருக்குப் பக்கத்தில் தெளிவாக வந்தது. ராஜரத்தினம் பிள்ளை காலத்து 78 சுழற்சி இசைத்தட்டுகளின் பதிவுகளுக்குத் தனியாக ஓர் அமைப்பு வைத்திருக்கிறேன். அவற்றின் உச்ச அலைவரிசைகளில் இருப்பது இரைச்சல் மட்டுமே, அதை இறக்கிவிட்டால் இழப்பு ஒன்றுமில்லை.

அடி ஒலியை ஏற்றும்போது மட்டும் கை கட்டுப்பாடாக இருக்க வேண்டும். 4 டெசிபல் ஏற்றினால் மொத்த அளவை 4 டெசிபல் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் உச்சத்தில் ஒலி வெட்டுப்படும். தொப்பி குமுறுகிறதே என்று மேலும் ஏற்றினால் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை அமுங்கிவிடும். வலந்தலையின் நடுவில் கரணை என்ற கருப்புப் பசை பூசியிருப்பதால்தான் அதன் மேலொலிகள் சுரத்தோடு ஒத்திசைகின்றன என்று சி.வி. ராமன் 1920இலேயே விளக்கினார். அவ்வளவு அழகான விஷயத்தை 'பாஸ்' என்ற பெயரில் புதைப்பது பாவம்.

டிப், அதாவது காதுக்குள் போகும் மெத்தென்ற முனை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சிலிகோன் டிப் காதை முழுதாக அடைக்கவில்லை என்றால் எந்த ஈக்வலைசராலும் அடி ஒலியைக் கொண்டுவர முடியாது. அளவு மாற்றிப் பார். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்று சட்டமில்லை. நுரை டிப் முதலில் சுகம், நம் வியர்வைக்குச் சில மாதங்களில் பிசுபிசுக்கும்.

ஆக, ஒலியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதைவிட நல்ல ஒலிக்காக இன்னும் பணம் செலவழிக்க எனக்கு விருப்பமும் இல்லை. கேபிள் மாற்றலாம், பழுது பார்க்கலாம், நமக்குப் பிடித்தபடி ஒலியைச் செதுக்கிக்கொள்ளலாம், இப்போது விலையும் பாதி.

வாங்காதே.

சாக்கெட் கூட்டோடு சமமாக இருக்கிற, முதுகில் சுவிட்ச் இல்லாத, குழல் முனையில் வலையை மாற்றக்கூடிய ஏதாவது ஒன்றைப் பார். சாதாரண ஒலி போதும். மிச்சத்தை டாங்கிள் பார்த்துக்கொள்ளும். கூடவே இரண்டு மலிவான கேபிளும் ஈரத்தை உறிஞ்ச ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்லும் வாங்கிக்கொள். "இவ்வளவு புகழ்ந்துவிட்டு வேண்டாம் என்கிறீர்களே அத்தான்" என்பாய். போன மாதம் கேட்டிருந்தால் வாங்கு என்றிருப்பேன். நேற்று மாலை வலது பக்கத்துப் பின்னிலும் லேசாகப் பச்சை தெரிகிறது. விலை இன்னும் இறங்கியது என்று சொல்லிக்கொண்டு அடுத்த வாரமும் வராதே.