தைராய்டு மாத்திரையும் காபி இல்லாத அந்த ஒரு மணி நேரமும்

மும்பை தாதரில் வேலை பார்க்கும் தோழிக்கு டி.எஸ்.எச். 11 வந்திருக்கிறது. தைராய்டு குறைந்தால் ஏறுகிற, அதிகமானால் இறங்குகிற ரத்த அளவு அது. "மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கார்டி. போட்டா இந்தக் காலைப் படபடப்பு போயிடுமா? நீதான் வருஷக்கணக்கா போடறியே" என்று ரயிலிலிருந்தே போன். குர்லா வந்ததும் லைன் போய்விட்டது. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

மாத்திரையைக் குறை சொல்ல மாட்டேன். தைராய்டு சுரப்பி கொடுக்காத ஹார்மோனை இந்த லெவோதைராக்ஸின் மாத்திரை கொடுக்கிறது, விலையும் கையைக் கடிக்காது. முகத்து வீக்கம் வடிந்தது. செம்பூர் ஸ்டேஷன் படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவதும் போயிற்று. ஆனால் அவசரப்படக் கூடாது. உடம்பில் இந்த மருந்தின் அளவு பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும், அதனால் எல்லாம் மெதுவாகத்தான் சமநிலைக்கு வரும். ரத்தப் பரிசோதனையும் 6 முதல் 8 வாரம் கழித்துச் செய்தால்தான் அர்த்தம்.

என் கோபமெல்லாம் அந்த வெறும் வயிற்று விதி மேல்தான். எழுந்ததும் பச்சைத் தண்ணீரில் முழுங்கிவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வாயைக் கட்ட வேண்டும். அதுவும் காபி ஆகவே ஆகாது, மருந்தைக் குடல் உறிஞ்ச விடாதாம். மாட்டுங்காவில் அரைத்து வாங்கிய பீபரி காபிப் பொடி, ராத்திரியே இறங்கி நிற்கும் டிகாக்‌ஷன், இவர் என் எதிரில் உட்கார்ந்து டபராவில் ஆற்றுகிற சத்தம். மனுஷருக்கு அடுத்த அறையே கிடையாதா?

படபடப்பு வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான். தூங்கி எழுந்த முதல் அரை, முக்கால் மணியில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறுவது எல்லா உடம்புக்கும் இயல்பு. எனக்கு அப்போதுதான் ஆபீஸ் மெயில், ஹார்பர் லைன் கூட்டம், ஊரில் அம்மாவின் முழங்கால் எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்காரும். கையில் காபியும் இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

இடையில் ஒரு முறை டோஸைக் கூட்டினார்கள். கை நடுங்கியது, தூக்கம் போனது, படுத்தால் காதுக்குள் இதயம் அடித்தது. "டென்ஷன் மத் லோ, மேடம்", அதாவது டென்ஷன் ஆகாதீர்கள் என்றார் ஒரு டாக்டர். நானே பிடிவாதம் பிடித்து டெஸ்ட் எடுத்தேன், டி.எஸ்.எச். 0.1, ரொம்பக் குறைவு. மருந்து அதிகமானாலும் இதே படபடப்புதான் வரும், அதை மனசின் மேல் போட்டால் எப்படி? 100 மைக்ரோகிராமிலிருந்து 75க்கு இறக்கியதும் நடுக்கம் நின்றது. காலை பயம் மட்டும் கொஞ்சம் தங்கிவிட்டது.

இரவில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன், டாக்டர் சரி என்றார். 2010இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில் படுக்கும் முன் போட்டவர்களுக்கு டி.எஸ்.எச். இன்னும் நன்றாக இறங்கியது. வாழ்க்கைத் தரத்தில்தான் பெரிய மாற்றம் தெரியவில்லை. எனக்கும் அதே கதை. சாப்பிட்டு 3 மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். ஒன்பதரைக்குத் தட்டில் உட்காருகிறவள் பன்னிரண்டரை வரை விழித்திருந்தால் மறுநாள் படபடப்புக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டாம்.

எரிச்சலூட்டும் விஷயம் என்னவென்றால், அந்த நாட்களில் கண் விழித்ததும் காபி கிடைத்தது, நெஞ்சு முன்பைவிட அதிகமாக அடித்தது. கார்டிசால் ஏறுகிற நேரத்தில் காபியும் சேர்ந்தால் வேறென்ன ஆகும்? மறுபடி காலைக்கே மாறினேன். டைமண்ட் கார்டனில் சுற்றிவிட்டு வந்து குடிக்கிற காபி தொந்தரவு செய்வதில்லை. நான் திட்டித் தீர்த்த அந்த ஒரு மணி நேரம்தான் என்னைக் காப்பாற்றுகிறது என்று இவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஆக, போயிடுமா என்றால் குறையும், முழுசாகப் போகும் என்று சொல்ல மாட்டேன். அப்படியே நின்றால் அதற்கென்று தனியாக மருத்துவரைப் பார், தைராய்டு தலையிலேயே எல்லாவற்றையும் கட்டாதே. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் 4 மணி நேரம் தள்ளிப் போடு. கடைக்காரர் வேறு கம்பெனி மருந்தை நீட்டினால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதே. மழைக்காலத்தில் டப்பாவை இறுக்கி மூடு.

மாத்திரைக்கு 5க்கு 4 கொடுப்பேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு, இவ்வளவு நல்லது செய்தும், பூஜ்ஜியம்தான்.