ஐடிஐயா, குறுகியகாலப் பயிற்சியா, மறுபடி பத்தாம் வகுப்பா?

ஜூன் முதல் தேதி குளச்சலில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஜூலை கடைசி வரை மீன்பிடித் தடைக்காலம். பத்தாம் வகுப்பில் ஓரிரு பாடம் போன பையன்கள் எங்கள் மாலை வகுப்புக்கு வந்து நிற்பது அப்போதுதான். கூடவே அம்மாவும். "சாரே, இவனுக்கு ஒரு கைத்தொழில் சொல்லுங்க."

அரசு ஐடிஐ என்றால் இங்கே நாகர்கோவிலை ஒட்டிய கோணம் என்ற ஊரில். வெல்டருக்கு எட்டு தேறினால் போதும், ஓராண்டு. ஃபிட்டர், எலக்ட்ரீசியனுக்குப் பத்து வேண்டும், இரண்டாண்டு. பஸ் பாஸ் இலவசம், உதவித்தொகை மாதம் 750 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்தவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. ஆனால் நல்ல மீன்பாடு உள்ள வாரத்தில் இந்த 1,750 ஒரு பணமே இல்லை. பாதியில் நிற்பவர்கள் பாடம் புரியாமல் நிற்பதில்லை, இதனால்தான்.

வங்கிகள் நடத்தும் ஆர்செட்டி (ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம்) பயிற்சி சில நாள் முதல் ஒன்றரை மாதம் வரை. சாப்பாடு, தங்குமிடம் இலவசம், 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஏற்கெனவே கடையில் கையாளாக நின்றவனுக்கு நல்ல வழி. ஒன்றும் தெரியாதவனுக்குக் குறுகியகாலப் பயிற்சியே ஆகாது என்பேன். எங்கோ காசு கட்டி முப்பது நாளில் ஏசி மெக்கானிக் ஆன ஒருவன், மறுமாதமே வள்ளத்தில் ஏறிவிட்டான்.

என் ஓட்டு பத்தாம் வகுப்புக்கு. நம்மூர்க்காரன் கண் வளைகுடாவில். பத்து தேறாதவன் பாஸ்போர்ட்டில் பொதுவாக இ.சி.ஆர். (குடியேற்ற அனுமதி தேவை) என்ற குறிப்பு விழும், வேலைக்குப் போக தனியாகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். பத்து முடித்து இரண்டாண்டு ஐடிஐயும் படித்தால், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். துணைத்தேர்வு ஜூலை தொடக்கத்தில், தடைக்காலத்துக்குள்ளேயே. அப்புறம் ஐடிஐயில் இடம் மீதமிருந்தால் இந்த ஆண்டே, இல்லையென்றால் அடுத்த ஆண்டு.

சரி, கணக்கு? 35 எடுக்க வேண்டியதில் வரைபடமும் வடிவியல் வரைதலும் எட்டு எட்டாகப் பதினாறு தரும். போன ஜூனில் வந்தவனிடம் முதல்நாளே காம்பஸைக் கொடுத்தேன். வலை பின்னுகிற கை. வில் ஒரு இழை பிசகவில்லை. ரப்பரை எடுக்கவே இல்லை.