நீல டிரம்மில் வரும் ‘கடற்பாசி உரம்’: யாரும் வாங்கி ஏமாறாதீர்கள்

பேராக் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டு வாசலில் செடி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள்.

எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டு முன்னால் 22 மல்லிகைத் தொட்டிகள் வைத்திருந்தேன். காலையில் மொட்டுப் பறித்து, கட்டி, கோயிலுக்கும் நாலைந்து வீடுகளுக்கும் கொடுப்பேன். மாதாமாதம் கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் அந்தப் பூவில்தான் கட்டுவேன். பக்கத்தில் ஒரு கறிவேப்பிலை மரம். தோட்டத்து லயத்தைக் காலி செய்தபோது அம்மா வேரோடு கிளப்பிக் கொண்டுவந்த பக்கக்கன்று அது.

ஒரு நாள் வேனில் ஒருவர் வந்தார். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. “அக்கா, இது சபா செம்போர்ணா கடல்ல விளைஞ்ச பாசி. சுத்த இயற்கை. இத ஊத்தினா வேற உரமே வேணாம். ஒரு பங்குக்குப் பத்து பங்கு தண்ணி கலந்து தினமும் ஊத்துங்க” என்றார். நீல டிரம்மிலிருந்து பழைய சமையல் எண்ணெய்ப் போத்தலில் பிடித்து, 5 லிட்டர் 90 வெள்ளி (ரிங்கிட்) என்று கொடுத்தார். போத்தலில் ஒட்டுத்தாள் இல்லை. ரசீதும் தரவில்லை. செம்போர்ணாவில் பாசி வளர்ப்பது உண்மைதான், கயிற்றில் கட்டிக் கடலிலேயே வளர்க்கிறார்கள். அந்த ஒரு உண்மையை வைத்துத்தான் நான் மற்ற எல்லாவற்றையும் நம்பினேன்.

முதல் நான்கு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஆறாம் நாள் இலை நுனி பழுப்பானது. அப்புறம் ஓரம் முழுவதும் தீயில் வாட்டியது போலச் சுருண்டது. மொட்டுகள் விரியாமலே காய்ந்து விழுந்தன. போன் பண்ணினேன். “வெயில் அதிகம்க்கா, இன்னும் கொஞ்சம் கூட ஊத்துங்க” என்றார். அதையும் செய்தேன். பத்தாம் நாள் தொட்டி மண்மேல் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது. விரலால் சுரண்டினால் நறநறவென்று வந்தது. அதன் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.

சந்தேகம் வந்து, ஒரு வெள்ளைத் தட்டில் இரண்டு கரண்டி ஊற்றி வெயிலில் வைத்தேன். மறுநாள் பழுப்புக் கறைக்கு நடுவில் சின்னச் சின்னச் சதுரப் பரல்கள், கண்ணாடி மாதிரி, தட்டு முழுக்க. வாசனையும் கடல் வாசனை இல்லை, கருப்பட்டிப் பாகு வாசனை. எந்த உப்பாக இருந்தால் என்ன, தினமும் அவ்வளவு உப்பு ஊற்றினால் தொட்டிச் செடி எப்படித் தாங்கும்? வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. மண் ஈரமாக இருக்கும்போதே செடி தாகத்தில் காய்ந்துவிடும்.

கடற்பாசிமேல் குற்றம் சொல்லவில்லை. அது நல்ல பொருள். ராமநாதபுரம் மண்டபம் பக்கம் வளர்க்கிற கப்பாபைகஸ் பாசியிலிருந்து சாறு பிழிந்து பயிருக்குத் தெளிக்கிறார்கள். அதில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) இருக்கிறது, வேரையும் தளிரையும் தூண்டும் பொருள்களும் இருக்கின்றன. ஆனால் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) ரொம்பக் குறைவு. அதனால் “வேற உரமே வேணாம்” என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சாணமோ மக்கிய குப்பையோ போட்டுத்தான் ஆக வேண்டும், பாசி அதற்குத் துணைதான். அளவும் அப்படித்தான். கடையில் ஒட்டுத்தாளோடு விற்கும் பாசிச் சாறு என்றால் பொதுவாக ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சில மில்லிதான், அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பத்துக்கு ஒன்று தினமும் என்பது எந்தக் கணக்கிலும் சேராது. கடற்கரையில் நீங்களே பாசி பொறுக்கி வந்தாலும், நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, உப்புப் போன பிறகுதான் மண்ணில் சேர்க்க வேண்டும்.

அப்பா இருபது வருஷம் தோட்டத்தில் செம்பனைக்கு உரம் போட்டவர். அடிமரத்தில் கொட்டாதே, வட்டம் சுற்றித் தூவு என்று மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) கத்துவாராம். இந்தப் போத்தலைப் பார்த்திருந்தால் முதலில் அளவு என்ன என்றுதான் கேட்டிருப்பார். நான் கேட்கவில்லையே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

ஏற்கெனவே ஊற்றியிருந்தால் உடனே நிறுத்துங்கள். மேலே உள்ள வெள்ளைப் பொருக்கை வழித்து எறிந்துவிட்டு, தொட்டி அடித்துளை வழியாகத் தண்ணீர் நன்றாக ஓடும்வரை ஊற்றுங்கள். அரை மணி கழித்து மறுபடியும், பிறகு இன்னொரு தடவை. அடித்தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த உப்பே திரும்ப ஏறும். துளிர் வரும்வரை வேறு எந்த உரமும் வேண்டாம். இப்படிச் செய்துதான் 9 மல்லிகைகளைக் காப்பாற்றினேன். 13 போய்விட்டன. கறிவேப்பிலை மரமும் காய்ந்துவிட்டது, ஆனால் வேரிலிருந்து ஒரு துளிர் விரல் உயரத்துக்கு வந்திருக்கிறது. அம்மா தினமும் போய் உட்கார்ந்து பார்க்கிறார்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி நாமே மனுப் போடலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் யார் மேல் போடுவது? அவர் பெயரும் முகவரியும் என்னிடம் இல்லை, வேன் நம்பரையும் குறித்து வைக்கவில்லை. நீங்களாவது ரசீது கேளுங்கள், வேனைப் படம் எடுத்து வையுங்கள், போத்தலைத் தூக்கி எறியாதீர்கள்.

போன புதன்கிழமை பாசார் மாலாம் (இரவுச் சந்தை) முனையில் அதே நீல டிரம்மைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி சொன்னாள். இப்போது போத்தல் 70 வெள்ளியாம்.